மின்சாரக் கம்பத்தில் வரும் இணையம்



"லைன் இல்லே" என்று கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு லயத்து வாசலுக்கும் ரோட்டுக்கும் அலைகிறோமே, அதைப் பற்றி இன்று பேசலாம். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது பள்ளிக்கூடம் வீட்டுக்கே வந்துவிட்டது, லைன்தான் வரவில்லை. அந்த வருஷம் சபாவில் ஒரு மாணவி பரீட்சைக்காக மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்த செய்தியை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

கம்பெனிக்காரர்களைக் கேட்டால் ஒரே பதில்தான். ஒரு மைலுக்கு எத்தனை வீடு? டவுனில் வரிசையாக வீடு இருக்கு, கம்பி இழுத்த செலவு சீக்கிரம் திரும்பிவிடும். தோட்டத்தில் அந்தக் கணக்குக் கட்டாது.

இது புதுக் கணக்கும் இல்லை. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்க நகரங்களில் விளக்கு ஜொலித்தது. பண்ணை வீடுகளிலோ பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம். தனியார் கம்பெனிகள் லாபம் இல்லை என்று கையை விரித்துவிட்டன. பிறகு 1933இல் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் வந்தது. 1935இல் கிராம மின்மய நிர்வாகம் வந்தது. அரசாங்கம் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்க, விவசாயிகளே கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் கம்பம் நட்டார்கள்.

அதே டென்னசியில் சாட்டநூகா என்றொரு நகரம். அங்கே மின்சாரம் விற்பது நகரத்துக்குச் சொந்தமான ஈ.பி.பி. என்னும் வாரியம். மரம் விழுந்து கம்பி அறுந்தால் எந்த இடத்தில் கோளாறு என்று தானே கண்டுபிடித்து, வேறு வழியாக மின்சாரத்தைத் திருப்பிவிடும் கருவிகளைப் பொருத்த அது திட்டம் போட்டது. கருவிகள் ஒன்றோடொன்று பேச வேண்டுமே, அதற்குக் கண்ணாடி இழை தேவை. தலைமுடி மாதிரி மெல்லிய கண்ணாடிக்குள் வெளிச்சம் ஓடி செய்தியைச் சுமந்து போகும். மின்சாரத்துக்காக இழுத்த இழையிலேயே வீட்டுக்கு இணையமும் கொடுத்தால் என்ன? கம்பம் அவர்களுடையது. ஏறி வேலை செய்யும் ஆட்களும் அவர்களுடைய ஆட்கள். எல்லா வீட்டிலும் மீட்டர் இருக்கு, மாசா மாசம் பில் போகுது. புதிதாக வரும் கம்பெனி இதையெல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

வாரியம் பத்திரம் விற்றுக் கடன் வாங்கியது. 2009இல் மத்திய அரசு சுமார் 111 மில்லியன் டாலர் மானியம் கொடுத்தது. 2010இல், சுமார் 600 சதுர மைலில், டவுன், கிராமம் என்று பார்க்காமல் எல்லாருக்கும் வினாடிக்கு ஒரு கிகாபிட் வேகம் கிடைக்கும் என்று அறிவித்தார்கள். அப்போது அந்த வேகத்துக்கு மாதம் 350 டாலர். ஏழை வீட்டுக்கு எட்டாத விலைதான். 2013இல் அதுவே 70 டாலருக்கு இறங்கிவிட்டது. 2020இல் ஏழைப் பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளுக்கு இலவசமாகவே இணைப்புக் கொடுக்கும் திட்டத்தில் இந்த வாரியமும் சேர்ந்தது.

தனியார் சும்மா இருப்பார்களா? காம்காஸ்ட் என்னும் பெரிய கம்பெனி 2008இலேயே வழக்குப் போட்டுத் தோற்றது. ஆனால் மாநிலச் சட்டம் ஒன்று குறுக்கே நின்றது. மின்சாரம் விற்கும் எல்லையைத் தாண்டி வாரியம் இணையம் விற்கக் கூடாதாம்! 2015இல் மத்திய தொலைத்தொடர்பு ஆணையம் அந்தத் தடையை நீக்கியது. 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த கிராமத்தார் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். 2017இல்தான் அந்த மாநிலத்து மின்சாரக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு இணையம் விற்க வழி திறந்தது.

பொதுச் சொத்து என்றதும் கண்ணை மூடிக்கொண்டு கை தட்டவும் கூடாது. யூட்டா மாநிலத்தில் புரோவோ என்ற நகரம் சுமார் 39 மில்லியன் டாலர் கடனில் இழை போட்டது. அங்கே மாநிலச் சட்டத்தின் நெருக்கடியால் நகரம் நேரடியாக வீடுகளுக்கு விற்காமல், வேறு கம்பெனிகள் மூலம் விற்றது. வருமானம் போதவில்லை. கடைசியில் 2013இல் கூகுள் கம்பெனிக்கு ஒரே ஒரு டாலருக்குக் கைமாறியது. கடனை மட்டும் ஜனங்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆக, கம்பி யாருடையது என்பதோடு, யார் விற்கிறார், கடன் யார் தலையில் என்பதையும் கேட்டாக வேண்டும்.

நம்ம நாட்டிலும் தெனாகா நேஷனலின் கம்பங்கள் தோட்டம் தோட்டமாக நிற்கின்றன. அந்த வழியில் இழை கொண்டுபோய் வீடுகளுக்கு இணையம் கொடுக்கும் முறையை மலாக்கா ஜாசினில் சோதித்தும் பார்த்தார்கள். ஆகவே, இது முடியாத காரியம் அல்ல. நமக்குள்ள சிக்கல் வேறு. பெரிய ரோடு வரை இழை வந்தாலும், அதற்கு அப்பால் நிலம் தோட்டத்துக்குச் சொந்தம். நிர்வாகம் அனுமதி கொடுக்காமல் லயத்துக்குள் யாரும் குழி வெட்ட முடியாது. தண்ணீரும் மின்சாரமும் முதலாளி கொடுத்தாக வேண்டும் என்று 1990ஆம் ஆண்டு வீட்டு வசதிச் சட்டம் சொல்கிறது. அன்று எழுதிய அந்தச் சட்டத்தில் இணையம் என்ற பேச்சே இல்லை.

எனவே தோட்டக் கமிட்டிகள் உடனே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் லயத்தில் எத்தனை வீடு, பள்ளி போகும் பிள்ளைகள் எத்தனை பேர், இழை எந்த ரோட்டோடு நின்றுவிட்டது, அனுமதி கேட்டதற்கு மேனேஜர் என்ன பதில் சொன்னார் என்று ஒரு தாளில் எழுதித் தேதி போடுங்கள். வாய்ப்பேச்சாக வந்த பதிலானால், எழுத்தில் கேளுங்கள். அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சுக்கு முன்னால் அந்தத் தாள் கிளைச் செயலாளர் கையில் இருக்க வேண்டும்.