குமரிக் கடற்கரைக் கதிர்வீச்சு: அளவுகளை ஊருக்குச் சொல்லுங்கள்

மணவாளக்குறிச்சி, சின்னவிளை, மிடாலம், இனயம் பகுதிக் கடற்கரையில் இயற்கைக் கதிர்வீச்சு கூடுதல் என்பது புதுச் செய்தி அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறைகள் சிதைந்து, ஆறுகள் வழியாகக் கடலுக்குப் போய், அலை திருப்பிக் கொண்டுவந்து குவிக்கும் கருமணலில் இல்மனைட், கார்னெட், சிர்கானோடு மோனசைட்டும் இருக்கிறது. மோனசைட்டில் ஏறத்தாழ 8 முதல் 10 சதவீதம் கதிரியக்கம் கொண்ட தோரியம் ஆக்சைடு. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் இங்கே மோனசைட்டைக் கண்டறிந்த பிறகு, விளக்கு மேண்டில் செய்வதற்காக இந்த மணல் கப்பலேறியது. அதற்கும் பல தலைமுறை முன்பிருந்தே மக்கள் இங்கே குடியிருக்கிறார்கள்.

இந்த மணலைப் பற்றி இரண்டு பேச்சுகள் அடிக்கடி காதில் விழுகின்றன. ஊரில் யாருக்குப் புற்றுநோய் வந்தாலும் மணல்தான் காரணம் என்பது ஒன்று. இயற்கையாக இருப்பதுதானே, அதனால் ஒன்றும் ஆகாது என்பது மற்றொன்று. இரண்டையும் நாங்கள் ஏற்கவில்லை.

முதல் பேச்சுக்குப் பதில் பக்கத்திலேயே, கொல்லம் மாவட்டக் கருநாகப்பள்ளியில் இருக்கிறது. உலகச் சராசரி இயற்கைக் கதிர்வீச்சு ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். கருநாகப்பள்ளிக் கடலோரத்தின் சில இடங்களில் இது பல மடங்கு உயர்கிறது. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் அங்கே சுமார் 70,000 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் பின்தொடர்ந்தது. 2009இல் வெளியான முடிவின்படி, நிலத்திலிருந்து வரும் காமாக் கதிரால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. அதே பதிவேட்டை வைத்துச் செய்த ஆய்வுகளில் பீடிக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு தெளிவாகவே தெரிந்தது. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு எடுத்த கணக்கு என்று அதை ஒதுக்க முடியாது. ஊரைக் காலி செய்ய வேண்டும் என்ற பேச்சுக்கு இங்கே அடிப்படை இல்லை.

ஆனால் இரண்டாவது பேச்சுக்கு ஆதரவாக, அந்த ஆய்வைக் குமரிக்கும் சேர்த்து எழுதிய நற்சான்றாகக் காட்டுவது சரியல்ல. கிடந்த இடத்தில் கிடக்கும் மணலோடு வாழ்ந்தவர்களைப் பற்றியது அது. அள்ளி, பிரித்து, மோனசைட்டைத் தனியே செறிவாக்கும்போது விஷயம் மாறுகிறது: தூசு பறக்கிறது, தோரியம் தொழிலாளியின் மூச்சோடு உள்ளே போகக்கூடும். ஒரே தாதுதான், ஆனால் வெளியே இருந்து படும் காமாக் கதிர் வேறு, நுரையீரலில் தங்கும் துகள் வேறு.

கிள்ளியூர் வட்டத்தில் சுமார் 1,144 ஹெக்டேரில் தாது மணல் எடுக்க மத்திய அரசு நிறுவனமான ஐஆர்இஎல் முன்வைத்த திட்டத்துக்கு ஆதரவாக, மோனசைட்டை எடுத்துவிட்டால் கதிர்வீச்சு குறையும் என்கிறார்கள். எடுத்த நிலத்தில் குறையும், உண்மைதான். எடுத்தது எங்கே, எவ்வளவு காலம், யார் பொறுப்பில் இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த வாதம் முழுமையாகும். கடலரிப்பால் வீடு இழக்கும் மீனவ ஊர்களிடம் மணல் எடுப்பதை மருத்துவச் சேவை போலப் பேசுவது எங்களுக்கு உறுத்துகிறது.

எனவே, ஒவ்வொரு கடற்கரை ஊரிலும் வீட்டுக்குள்ளும் வெளியிலும் கதிர்வீச்சை அளந்து, ஊராட்சி அலுவலகப் பலகையில் தமிழில் எழுதி வைக்க வேண்டும். மாவட்டப் புற்றுநோய்ப் பதிவுகளை ஊர் வாரியாகப் பிரித்து, வயது, புகையிலைப் பழக்கம் ஆகியவற்றோடு சேர்த்துச் சுதந்திரமான குழு ஆராய வேண்டும். இவை வெளியாகும் வரை புதிய சுரங்கத்துக்கு அனுமதி தரக் கூடாது.

கடலோர மக்களுக்கும் ஒரு வார்த்தை: கரைக் கருமணலை வீட்டுத் தரை நிரப்பவோ சுவர் பூசவோ எடுக்காதீர்கள். சன்னல்களைத் திறந்து வையுங்கள். அளக்க வருபவர்களை வீட்டுக்குள் விடுங்கள், அளந்த எண்ணைக் கேட்டு வாங்கி வையுங்கள்.