அண்ணாச்சி கடைக் கடன் நோட்டு

சென்னையில் மயிலாப்பூர், மந்தைவெளி, மேற்கு மாம்பலம் பக்கம் போனால், தெருவுக்கு ஒரு பழைய வீடாவது இடிபட்டுக்கொண்டிருக்கும். அப்படி ஒரு வீட்டின் முன்பகுதியில் வாடகைக்கு மளிகைக் கடை நடத்தும் அண்ணாச்சிகளுக்கு இதில் இரண்டு கவலை. பழைய வாடிக்கையாளர்கள் காலி செய்துகொண்டு போகிறார்கள். கடை இருக்கும் வீடும் பில்டர் கைக்குப் போனால், அந்த இடத்தில் நாளை கார்தான் நிற்கும்.

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து உழைத்து முன்னேறியவர்கள் அவ்வளவு சீக்கிரம் அசருவார்களா? துவரம்பருப்பு மூட்டைக்குப் பக்கத்தில் ஓட்ஸ் வந்துவிட்டது. நல்லெண்ணெய் வரிசையில் ஆலிவ் எண்ணெயும் நிற்கிறது. கல்லாவில் க்யூ.ஆர். அட்டை, பணம் வந்ததும் சத்தமாகச் சொல்ல ஒரு பெட்டி. சாமான் லிஸ்ட் வாட்ஸ்அப்பில் வருகிறது, கடைப் பையன் மூன்றாவது மாடி வரை கொண்டுபோய்க் கொடுக்கிறான்.

இத்தனை மாறியும் மாறாத ஒன்று கல்லாவுக்குக் கீழே இருக்கிறது. கடன் நோட்டு! அந்த அடுக்குமாடிகளில் வீட்டு வேலை செய்யும் அம்மா, வாட்ச்மேன், இஸ்திரி வண்டிக்காரர் எல்லோருக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு.

"எழுதிக்கோங்க அண்ணாச்சி, ஒண்ணாம் தேதி தந்துடறேன்."

வட்டி கிடையாது, கையெழுத்தும் கிடையாது. தெரிந்த முகம் என்பதுதான் ஜாமீன். 2016 நவம்பரில் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போனபோதும், 2020 ஊரடங்கில் வருமானம் நின்றபோதும் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது இந்த நோட்டை நம்பித்தான்.

ஆனால், பத்துப் பேருக்குக் கடன் கொடுக்க வேண்டுமென்றால், இருபது பேராவது கைக்காசு கொடுத்து வாங்க வேண்டும். அந்த இருபது பேர் மாடியில் இருக்கிறார்கள். அவர்கள் மொத்த லிஸ்டையும் 'பத்து நிமிட டெலிவரி' ஆப்புக்கு மாற்றிவிட்டால், கடை மூடுவதற்கு முன்பே மூடப்படுவது கடன் நோட்டுதான். அதன்பிறகு மாதக் கடைசியில் அரை கிலோ அரிசிக்கு அந்த அம்மா யாரிடம் போய் நிற்பார்?

அவசரத்துக்கு ஆப் இருக்கட்டும். மாதச் சாமானில் பருப்பு, புளி, மிளகாயையாவது அண்ணாச்சியிடம் வாங்கலாமே! ஒரு கொத்து கறிவேப்பிலையைக் கொசுறாகப் பையில் போட்டுத் தருவார். அதற்கு டெலிவரி சார்ஜ் கிடையாது.