இலவச மிதிவண்டியின் விலை

பொது மிதிவண்டித் திட்டம் என்றதும் ஒரு வண்டி என்ன விலை என்றே நாம் முதலில் கேட்கிறோம். வண்டியை ஒருமுறை வாங்கினால் போதும். அதை நாள்தோறும் ஓடும் நிலையில் வைத்திருப்பதற்கான செலவுக்கோ முடிவில்லை. அச்செலவை ஏற்பவர் யார் என்பதே நாம் எழுப்ப வேண்டிய கேள்வி.

பாரிஸ் நகரில் 2007 ஜூலை 15 அன்று வெலிப் திட்டம் தொடங்கியது. சந்தா கட்டியவருக்கு ஒவ்வொரு பயணத்திலும் முதல் அரைமணி நேரம் இலவசம். ஜே.சி.டெக்கோ என்னும் விளம்பர நிறுவனம் வண்டிகளையும் நிலையங்களையும் அமைத்துப் பராமரித்தது. கைம்மாறாக, நகரின் சுமார் 1,600 விளம்பரப் பலகைகள் அதன் வசமாயின. வரிப்பணம் செலவாகவில்லை என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. ஆனால் தெருவில் நடப்பவரின் பார்வை விற்கப்பட்டது, அதுவும் பொதுச்சொத்துதான்.

பிறகு வந்தவை எந்த விளம்பரத்திலும் இடம்பெறாதவை. 2009 வாக்கில், இறக்கிய வண்டிகளுள் ஏறத்தாழ 80 விழுக்காடு களவுபோயின அல்லது சேதமுற்றன என்று செய்திகள் வந்தன. ஒப்பந்தத்தைத் திருத்தி, அந்த இழப்பில் ஒரு பங்கை நகராட்சியும் ஏற்க நேர்ந்தது. மோன்மார்த்ர் மேட்டிலிருந்து இறங்கி வருவோர் பலர்; 22 கிலோ எடையுள்ள வண்டியை மிதித்து மேலேறுவோர் சிலர். மேட்டு நிலையங்கள் காலியாக, பள்ளத்து நிலையங்கள் நிரம்பி வழியும். வண்டிகளை ஏற்றி இறக்க லாரிகளும் ஆட்களும் ஓயாது உழைத்தாக வேண்டும்.

2018இல் ஸ்மோவெங்கோ என்னும் கூட்டு நிறுவனம் பொறுப்பேற்றபோது திட்டமே தடுமாறியது. புதிய நிலையங்கள் பலவற்றுக்கு மின் இணைப்பு வந்து சேரவில்லை, மின்கலங்கள் தீர்ந்துபோயின. இரவுப் பணிக்கு முன்பு கிடைத்த ஊதியத்தைக் கேட்டு அவ்வாண்டு ஏப்ரலில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். பயணிக்குக் கிடைத்த மலிவு யாருடைய தூக்கத்தில் பிடிக்கப்பட்டது என்பது அப்போது வெளிப்பட்டது.

அப்படியானால் இத்திட்டமே வேண்டாமா? வேண்டும் என்பதே நம் கட்சி. நூலகம் இலாபம் தருகிறதா என்று நாம் கேட்பதில்லை. நகரப் பேருந்தும் பயணச்சீட்டு வருவாயால் மட்டும் ஓடுவதில்லை. மிதிவண்டியையும் அந்த வரிசையில் வைத்து, பழுதுக்கும் களவுக்கும் இரவுக் கூலிக்கும் ஆண்டுதோறும் நகராட்சி வரவுசெலவுத் திட்டத்தில் வெளிப்படையாகப் பணம் ஒதுக்க வேண்டும். செலவை மறைத்துத் தொடங்கும் திட்டம், அது வெளிப்படும் நாளில் தன் ஆதரவாளர்களையும் இழக்கும். அந்தச் செலவைத் தாங்க மனமில்லாத நகரம் தொடக்க விழா நடத்தாமலிருப்பதே நல்லது.