கதைக்கு ஆயுசு ஏழே நாள்தானா?

கதை எழுதுகிற நண்பர்கள் சிலர் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள். "பத்திரிகைக்கு அனுப்பிட்டு ஆறு மாசம் காத்துக் கிடக்கறதுக்கு, ஸ்டீமிட்லயோ ஹைவ்லயோ போட்டா ஓட்டு விழும், ஓட்டுக்குக் காசு விழும்!" கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் நான் இதில் எதிர்க்கட்சி. காரணத்தைக் கேட்டுவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

தெரியாதவர்களுக்குச் சின்னதாக ஒரு முன்கதை. ஸ்டீமிட் 2016-ல் வந்தது. எழுதிப் போட்டால் மற்றவர்கள் ஓட்டுப் போடுவார்கள். புதிதாக உருவாகும் ஸ்டீம் என்ற கிரிப்டோ காசில் ஒரு பங்கு அந்த ஓட்டுக்கேற்பக் கிடைக்கும். 2020-ல் ஜஸ்டின் சன் அந்தக் கம்பெனியை வாங்கினார். பிடிக்காதவர்கள் அதே வருஷம் மார்ச்சில் தனிக்குடித்தனம் போனார்கள். அதுதான் ஹைவ். அடிப்படை ஏற்பாடு ரெண்டு இடத்திலும் ஒன்றுதான்.

முதல் சிக்கல், அங்கே ஆளுக்கு ஒரு ஓட்டு என்பதெல்லாம் கிடையாது. கணக்கில் எவ்வளவு காசைப் பூட்டி வைத்திருக்கிறீர்களோ, அவ்வளவு எடை உங்கள் ஓட்டுக்கு. பெரிய கைகளுக்கு அங்கே 'திமிங்கலம்' என்றே பெயர். காசில்லாத நூறு பேர் உங்கள் கதையை உருகி உருகிப் படித்து ஓட்டுப் போட்டாலும், ஒரு திமிங்கலம் போகிற போக்கில் போடும் ஓட்டுக்கு ஈடாகாது. ஓட்டுப் போட்டவருக்கும் வருமானத்தில் பங்கு உண்டு. 2019 வரை நாலில் ஒரு பங்கு, அப்புறம் சரிபாதி. அப்படியிருக்க, கதையை யார் படிப்பார்கள்? எந்தப் பெயருக்கு ஓட்டு குவியும் என்று பார்த்து, தானாக ஓட்டுப் போடும் நிரலை ஓட விட்டார்கள். காசு வாங்கிக்கொண்டு ஓட்டு விற்கும் பாட்களும் வந்தன. தன் கல்யாணத்துக்குத் தானே மொய் எழுதிக்கொள்வது மாதிரிதான் இது!

ரெண்டாவது, ஏழு நாள் கணக்கு. எழுதிப் போட்ட ஏழாவது நாளோடு காசுக் கதவு மூடிவிடும். எட்டாம் நாள் ஒருவர் படித்துவிட்டு அழுதாலும் உங்களுக்குச் சல்லிக்காசு வராது. டிக்கன்ஸ் 1836-ல் 'பிக்விக் பேப்பர்ஸ்' தொடரை மாதம் ஒரு பகுதியாக, ஒரு ஷில்லிங் விலையில் வெளியிட ஆரம்பித்தார். முதலில் விற்பனை மந்தம்தான். மாதங்கள் போகப் போக 40,000 பிரதிகள் வரை போனது. அவரும் காசுக்குத்தான் எழுதினார், தப்பே இல்லை. ஆனால் அங்கே பணக்காரன் ஷில்லிங்கும் குமாஸ்தா ஷில்லிங்கும் ஒரே எடை. கதை பிடிபடுவதற்கு அவகாசமும் இருந்தது. ஏழு நாளில் கடையை மூடியிருந்தால் பிக்விக்கை யாருக்குத் தெரியும்?

மூன்றாவதுதான் நிஜமான நஷ்டம். பல இலக்கியப் பத்திரிகைகள், போட்டிகள், 'வேறெங்கும் வெளிவராத கதை' வேண்டும் என்கின்றன. அங்கே போட்டால் அது வெளியானதுதான். பிளாக்செயினில் ஏறியதை அழிக்கவும் முடியாது. நீங்கள் திருத்தினாலும் பழைய வடிவம் உள்ளே கிடக்கும். ஒரு கதைக்கு முதல் வெளியீடு ஒரே ஒரு தடவைதான். அதையா விற்பது? 2018 ஜனவரியில் எட்டு டாலரைத் தாண்டிய ஸ்டீம், அந்த வருஷம் முடிவதற்குள் ஒரு டாலருக்கும் கீழே போனது. அந்தக் காசுக்கா?

"பத்திரிகைகள் மட்டும் என்ன கிழிச்சுது?" என்பீர்கள். நியாயமான கேள்வி. பதில் வராது, சன்மானம் வராது, சில இடங்களில் ஆள் பார்த்துப் போடுவார்கள். ஆனாலும் கதையை நிராகரிப்பதற்காவது ஒருவர் இரண்டு பக்கம் படித்தாக வேண்டும். திமிங்கலத்துக்கு அந்தக் கட்டாயமும் இல்லை.

ஊர் சுற்றிய படம், சமையல் குறிப்பு, சினிமா விமர்சனம் எல்லாம் அங்கே தாராளமாகப் போடுங்கள். காசு வந்தால் டீ வாங்கிக் கொடுங்கள், நானும் வருகிறேன். கதையை மட்டும் முதலில் வெளியே அனுப்புங்கள். அச்சில் வந்து உரிமை உங்கள் கைக்குத் திரும்பிய பிறகு எங்கே வேண்டுமானாலும் போடலாம்.

மூணு மாசம் ராத்திரி முழிச்சு எழுதின கதைய்யா அது... ஏழு நாளில் காலாவதியாக அதென்ன பால் பாக்கெட்டா?