விக்கி... விக்கி... கொஞ்சம் தண்ணி குடிங்க!

"எனக்கு ஒரு விக்கி போட்டுக் குடுங்க தம்பி" என்று ஓய்வுபெற்ற லஸ்கர் அய்யா கேட்டதும், பக்கத்தில் இருந்த தையற்கடை அக்கா ஓடிப்போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டார். விக்கல் இல்லை அக்கா, விக்கி!

முதலில் பெயர்க் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 1995 மார்ச் 25-ஆம் தேதி, வார்ட் கன்னிங்ஹாம் என்கிற அமெரிக்கர், படிக்கிறவரே திருத்தி எழுதக்கூடிய பக்கங்களை இன்டர்நெட்டில் ஏற்றினார். என்ன பெயர் வைக்கலாம் என்று யோசித்தபோது, ஹொனலூலு ஏர்போர்ட்டில் ஓடும் 'விக்கி விக்கி' பஸ் ஞாபகத்துக்கு வந்தது. ஹவாய் பாஷையில் விக்கி என்றால் சீக்கிரம். நம்ம சேத்தியாத்தோப்பு பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் வண்டி கண்டக்டர் 'ஏறு ஏறு ஏறு' என்கிறாரே, கிட்டத்தட்ட அதேதான். கன்னிங்ஹாம் மட்டும் இங்கே பஸ் ஏறியிருந்தால் இன்றைக்கு எல்லோரும் 'ஏறுபீடியா' படித்துக்கொண்டிருப்போம்.

விக்கிபீடியா ஊர்ப் பொதுக்குளம் என்றால், நான் சொல்லிக்கொடுப்பது கொல்லைப்புறக் கிணறு. உங்களுக்கே உங்களுக்கான விக்கி. பெயர் டிட்லிவிக்கி. 2004-ல் ஜெரமி ரஸ்டன் என்கிற இங்கிலாந்துக்காரர் செய்தது. காசு கிடையாது. இன்ஸ்டால் கிடையாது. மொத்த சாஃப்ட்வேரும், நீங்கள் எழுதும் அத்தனை குறிப்பும், ஒரே ஒரு ஃபைலுக்குள் இருக்கும். இரண்டு மூன்று எம்.பி.தான். உங்கள் மச்சான் தினமும் அனுப்பும் 'காலை வணக்கம்' வீடியோவே இதைவிடப் பெரிசாக இருக்கும்.

இதில் ஒவ்வொரு குறிப்புக்கும் பெயர் 'டிட்லர்'. இங்கிலீஷில் டிட்லர் என்றால் பொடிமீன். லஸ்கர் அய்யாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. "நம்ம வீராணம் கெண்டைப்பொடி மாதிரின்னு சொல்லுங்க." அதேதான். பெரிய கட்டுரை வேண்டாம். நாலு வரி போதும். நாலு வரிக்குள் ஒரு பெயர் வந்தால் அதன் இரண்டு பக்கமும் இரட்டைச் சதுர அடைப்பு போடுங்கள், [[வெள்ளியங்கால் ஓடை]] என்று. அது லிங்க் ஆகிவிடும். அதைத் தொட்டால் அந்த ஓடைக்கான குறிப்புக்குப் போகலாம். இவ்வளவுதான் சார் பாடம். மிச்சமெல்லாம் அலங்காரம்.

அலங்காரம் என்றதும் என் இன்னொரு மாணவர் நினைவுக்கு வருகிறார். உரக்கடைத் தம்பி. வந்த முதல் நாளே கலர் மாற்றினார். இரண்டாம் நாள் காலண்டர் சேர்த்தார். மூன்றாம் நாள் எங்கிருந்தோ ஏழெட்டு பிளக்இன் பிடித்துக்கொண்டு வந்தார். இன்றைக்கு அவர் விக்கி கல்யாண மண்டபம் மாதிரி ஜொலிக்கிறது. உள்ளே ஒரு குறிப்புகூட இல்லை! புதுசாக ஆரம்பிக்கிறவர்களுக்கு என் வேண்டுகோள்: ஐம்பது குறிப்பு எழுதுகிற வரைக்கும் கலரைத் தொடாதீர்கள்.

அப்புறம் சேமிப்பு. இங்கேதான் முக்கால்வாசிப் பேர் கைகழுவிவிட்டுப் போகிறார்கள். உங்கள் ஃபைலில் நேரடியாகக் கை வைக்க பிரவுசருக்கு அனுமதி கிடையாது. நல்லதுதான், இல்லாவிட்டால் போகிற வருகிற வெப்சைட்டெல்லாம் உங்கள் கம்ப்யூட்டரில் கிறுக்கிவிடும். அதனால் நீங்கள் சேவ் பட்டனை அமுக்கினால், பழைய ஃபைல் அப்படியே இருக்கும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் புதிய பிரதி ஒன்று விழும். அடுத்த தடவை இன்னொன்று. பெயருக்குப் பின்னால் 1, 2, 3 என்று வால் முளைத்துக்கொண்டே போகும். மறுநாள் காலையில் பழசைத் திறந்துவிட்டு, "நேத்து எழுதினதெல்லாம் காணோமே" என்று தலையில் கை வைத்து உட்காருவார்கள். காணாமல் போகவில்லை ஐயா, கடைசி வாலில் இருக்கிறது.

ஒரு காலத்தில் ஃபயர்பாக்ஸில் 'டிட்லிஃபாக்ஸ்' என்று ஒரு துணைச் சாமான் இருந்தது. பழைய ஃபைலிலேயே சேமித்துக் கொடுக்கும். 2017-ல் ஃபயர்பாக்ஸ் தன் கட்டமைப்பை மாற்றியதோடு அதன் ஆயுள் முடிந்தது. இப்போது டிட்லிடெஸ்க்டாப் என்று தனியாக ஒன்று இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் டிட்லாய்டு. இரண்டும் அதே ஃபைலிலேயே சேமிக்கும். நான் முதல் நாள் லிங்க் சொல்லித்தருவதே இல்லை. ஒரு வரி எழுது, சேவ் பண்ணு, எல்லாவற்றையும் மூடு, திரும்பத் திற, அந்த வரி இருக்கிறதா பார். இதையே பத்து தடவை. சேவ் பட்டன் சிவப்பாக இருந்தால் இன்னும் சேமிக்கவில்லை என்று அர்த்தம். சிக்னல் மாதிரிதான். சிவப்பில் கிளம்பக் கூடாது.

தையற்கடை அக்கா இதில் கெட்டி. சேமிப்பில் ஒரு நாளும் தவறியதில்லை. அவர் பிரச்சினை வேறு. முந்நூறு வாடிக்கையாளர்களின் ஜாக்கெட் அளவும் விக்கிக்குள் ஏறியாகிவிட்டது. ஆளுக்கொரு குறிப்பு. அளவு, பாக்கி, 'இவங்களுக்குக் கை லூசா இருக்கணும்' என்று ஒரு எச்சரிக்கை. பிரமாதம்! பிறகு ஒரு நாள் கேட்டார், "இதை நெட்ல போட்டுட்டா எங்கேருந்தும் பார்க்கலாமாமே தம்பி?" பார்க்கலாம்தான் அக்கா, ஊரே பார்க்கும்! சேத்தியாத்தோப்பின் இடுப்பளவு சிகாகோ வரைக்கும் தெரியும். கடை மிஞ்சுமா?

ஆகவே, ஹோஸ்டிங் என்றால் முதல் கேள்வி 'எப்படி' இல்லை, 'யார் பார்க்கலாம்' என்பது. டிட்லிஹோஸ்ட் என்கிற தளத்தில் இலவசமாகக் கணக்குத் திறக்கலாம். சேவ் அமுக்கினால் அங்கேயே சேமித்துக்கொள்ளும், வால் முளைக்காது. பொது, தனி என்று இரண்டு தேர்வு உண்டு. அக்காவுக்குத் 'தனி' போட்டுக் கொடுத்தேன். அதற்கும் மேல், ஃபைலுக்கே பாஸ்வேர்டு வைத்துப் பூட்டும் வசதி டிட்லிவிக்கியிலேயே இருக்கிறது. பாஸ்வேர்டை மறந்தால் மட்டும் பிரம்மாவாலும் திறக்க முடியாது. கொஞ்சம் விவரமான பிள்ளைகள் கிட்ஹப் பேஜஸில் வைத்துக்கொள்ளலாம், அது உலகத்துக்குக் காட்டத் தோதான இடம்.

எங்கே வைத்தாலும் மாதம் ஒரு பிரதி உங்கள் பென்டிரைவுக்கு வந்துவிட வேண்டும். இலவசமாக இடம் கொடுத்த ஜியோசிட்டீஸில் தமிழர்கள் எத்தனையோ பேர் வீடு கட்டிக் குடியிருந்தார்கள். 2009 அக்டோபரில் யாஹூ அதை இழுத்து மூடியது. காகிதம் மட்டும் நிரந்தரமா என்ன? லஸ்கர் அய்யாவிடம் ஆறு நோட்டு இருந்தது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூர் பக்கம் கரையேறியபோது அவர் வீட்டு ஓடு பறந்தது. நனைந்ததில் இரண்டு நோட்டு கூழாகிவிட்டது.

அந்த நோட்டுகளில் என்ன இருந்தது? பொதுப்பணித் துறையில் முப்பது வருஷம் ஷட்டர் ஏற்றி இறக்கியவர் அவர். கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணத்துக்குத் தண்ணீர் வந்து சேர எத்தனை மணி நேரம், எந்த மதகு எந்த மாசத்தில் மக்கர் பண்ணும், எந்த வாய்க்காலின் கடைமடைக்கு யாரிடம் சொன்னால் தண்ணீர் சண்டையில்லாமல் போகும், எல்லாம் எழுதி வைத்திருந்தார். ஏரி 47.5 அடி நிரம்பும் என்பது ஆபீஸ் ரிக்கார்டில் இருக்கிறது. நிரம்பும்போது எந்தக் கரையில் முதலில் கசியும் என்பது இவரிடம்தான் இருக்கிறது. 2004-லிருந்து இந்த ஏரித் தண்ணீர் குழாயில் சென்னைக்கும் போகிறது. ஆகவே மயிலாப்பூர் மாமிக்கும் இதில் கொஞ்சம் சம்பந்தம் உண்டு!

பேத்திக்கு அரசாங்கம் கொடுத்த மடிக்கணினி. அய்யா சொல்ல, பேத்தி அடிக்கிறாள். மீதமிருந்த நாலு நோட்டும் உள்ளே வந்துவிட்டது. போன மாசம் அய்யா திரையைக் கூர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டார், "இந்த எழுத்து மட்டும் ஏன் தம்பி சாஞ்சு நிக்குது?"

லிங்க் போட்டிருக்கிறது, ஆனால் அந்தக் குறிப்பு இன்னும் எழுதப்படவில்லை; அப்படி என்றால் டிட்லிவிக்கி அதைச் சாய்வாகக் காட்டும். அந்த மாதிரி எழுதாதவற்றையெல்லாம் ஒரே இடத்தில் பட்டியல் போட்டும் தரும். திறந்து காட்டினேன். இருபத்திமூன்று இருந்தது. [[2005 வெள்ளம்]], [[பழைய ஷட்டர் சாவி]], இப்படி. முக்கால்வாசியும் கூழான நோட்டுகளின் சங்கதிகள். அய்யா கொஞ்ச நேரம் பேசவில்லை. "இதெல்லாம் நான் சொன்னாத்தான் உண்டு, இல்ல?" என்றார். வயது எழுபத்தெட்டு. கண்ணில் ஒரு பக்கம் ஆபரேஷன் ஆகியிருக்கிறது.

அன்றிலிருந்து சாயங்காலம் ஒரு மணி நேரம். பேத்திக்குப் பரீட்சை என்றால் போனில் பேசியே எழுத்தாக்குகிறார். போன் 'மதகு' என்றால் சரியாகப் போடுகிறது, 'கலுங்கு' என்றால் 'கலங்கு' என்று போட்டுத் தானும் கலங்குகிறது.

நேற்று பார்த்தேன். பதினொன்று எழுதிவிட்டார். பட்டியலில் இப்போது முப்பத்தொன்று இருக்கிறது. எழுத எழுத ஒவ்வொன்றிலும் புதுசாக ஒரு பெயர் வந்துவிடுகிறதாம், அடைப்பு போடச் சொல்லிவிடுகிறாராம்.