மீதிச் சில்லறை யாருடையது?

நாற்பத்தெட்டு ரூபாய்க்குச் சாமான் வாங்கி ஐம்பது ரூபாய் நோட்டை நீட்டுகிறவருக்கு மீதி இரண்டு ரூபாய் கிடைப்பதென்பது, காரைக்கால் பாரதியார் சாலையிலுள்ள பெரிய கடையாயினும் திருமலைராயன்பட்டினத்துப் பெட்டிக்கடையாயினும், இப்பொழுதெல்லாம் கடைக்காரருடைய தயவைப் பொறுத்த விஷயமாகிவிட்டது. "சில்லறை இல்லீங்க" என்ற ஒரு வார்த்தையோடு பாட்டிலிலிருந்து இரண்டு மிட்டாய் மேஜைமேல் வந்து விழும். மருந்துக் கடையானால் அது இருமல் மிட்டாயாக இருக்கும். பஸ்ஸானால் கண்டக்டர் டிக்கெட்டின் பின்புறத்தில் பாக்கித் தொகையைக் கிறுக்கிக் கொடுப்பார், இறங்குகிற அவசரத்தில் பலர் அதைக் கேட்க மறந்தே போவார்கள். வேறு சில இடங்களில் மிட்டாய்கூட இல்லை; "ஐம்பதா வச்சுக்குங்க" என்று விலையே வாயால் ஏற்றப்பட்டுவிடுகிறது. சில்லறைத் தட்டுப்பாடு உண்மைதான். அதை மறுப்பது நம் நோக்கமன்று. அத்தட்டுப்பாட்டினால் வரும் நஷ்டம் முழுவதையும் ரொக்கம் கொடுத்து வாங்குகிறவர் தலையிலேயே கட்டுவது அநியாயம் என்பதும், சில்லறை இல்லாத இடத்தில் விட்டுக்கொடுக்க வேண்டியவர் விற்பவரே என்பதும் நம்முடைய திடமான அபிப்பிராயம்.

இந்த நஷ்டத்தை யார் சுமக்கிறார்கள் என்று சற்றே கவனிக்க வேண்டும். கைபேசியில் பணம் செலுத்தும் வசதி வந்தபின், அதைக் கையாளத் தெரிந்தவர் நாற்பத்தெட்டு ரூபாய்க்கு நாற்பத்தெட்டு ரூபாயையே செலுத்திவிட்டு நிம்மதியாகப் போகிறார். கிளிஞ்சல்மேட்டிலிருந்து கூடை சுமந்து வந்து மீன் விற்றுவிட்டு, அந்தக் காசிலேயே அரிசியும் எண்ணெயும் வாங்கித் திரும்புகிற பெண்ணும், நெடுங்காட்டுப் பக்கத்து விவசாயக் கூலியும், பென்ஷன் பணத்தை எண்ணி எண்ணிச் செலவிடும் முதியவருமே கையில் நோட்டோடு கல்லாவுக்கு முன் நிற்கிறவர்கள். சட்டசபையில் நிறைவேறாத, எந்த அதிகாரியும் விதிக்காத ஒரு வரியை, ஊரிலேயே குறைந்த வருமானமுள்ள ஜனங்கள் தினந்தோறும் ஒன்றும் இரண்டுமாகச் செலுத்தி வருகிறார்கள் என்றால் அது மிகையாகாது.

சில்லறைப் பஞ்சம் இந்நாட்டுக்குப் புதிதன்று. இரண்டாவது உலக யுத்தத்தின்போது ஜனங்கள் நாணயங்களைப் பதுக்கத் தொடங்கியதால், தேவைக்கு மிஞ்சிய நாணயம் சேர்ப்பதைக் குற்றமாக்கும் விதியை 1940-இல் சர்க்கார் கொண்டுவர நேர்ந்தது; 1943-இல் உலோகச் சிக்கனத்துக்காக நடுவில் துளையிட்ட காலணாவே வெளிவந்தது. சிறு நாணயங்களை உருக்குவதைத் தடுக்க 1971-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. இவற்றைவிட நம் வாதத்துக்கு நெருக்கமானது 1957 ஏப்ரல் முதல் தேதியின் அனுபவம். பதினாறணா ரூபாய் நூறு நயா பைசாவாக மாறிய அன்று, ஓரணாவுக்கு ஆறேகால் பைசா என்று கணக்கு வந்து, அந்தக் கால் பைசாவை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. அதைக் கடைக்காரர் இஷ்டத்துக்கு விட்டுவிடாமல், அரைப் பைசாவும் அதற்குக் குறைந்ததும் கணக்கில் சேராது, அரைக்கு மேற்பட்டதே முழுப் பைசாவாகும் என்று சட்டமே வரையறுத்தது. அதன்படி ஓரணா ஆறு பைசாவாகவும், இரண்டணா பன்னிரண்டாகவும், மூன்றணா பத்தொன்பதாகவும் ஆயின. ஒருமுறை வாங்குகிறவருக்கு லாபம், மறுமுறை விற்கிறவருக்கு லாபம். சரிபாதியாக நின்ற பின்னத்தைக்கூடச் செலுத்துகிறவர் பக்கமே சட்டம் விட்டுக்கொடுத்தது.

நியாயமான முழுமையாக்கலின் லட்சணம் இதுவே: அது இருபுறமும் ஓட வேண்டும். இன்றைய சரக்கு சேவை வரிச் சட்டத்தின் 170-ஆவது பிரிவும், ஐம்பது பைசாவுக்குக் குறைந்ததை விட்டுவிட்டு, ஐம்பது பைசாவும் அதற்கு மேற்பட்டதுமானதை ஒரு ரூபாயாக்குகிறது. ஒரு சென்ட் நாணய விநியோகத்தை 2013 பிப்ரவரியில் நிறுத்திய கனடா தேசமும், ரொக்க வியாபாரத்தில் கிட்டிய ஐந்து சென்டுக்கு ஏற்றவோ இறக்கவோ செய்யும்படிதான் வழிகாட்டியது. அமெரிக்காவிலோ 2025 நவம்பரில் கடைசி ஒரு சென்ட் நாணயம் அச்சிடப்பட்டபோது இதற்கென்று பொதுவிதி எதுவும் இல்லாமையால், கடைக்கொரு நியாயமாகிக் குழப்பம் மூண்டது. நம் கடைத்தெருவின் நியாயம் இவை எல்லாவற்றிலும் எளியது; அது எப்போதும் மேல்நோக்கியே முழுமையாகிறது.

வியாபாரிகள் தரப்பிலும் சொல்வதற்கு விஷயம் உண்டு. பத்து ரூபாய்ச் சாமானுக்கு ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டுகிறவரும் இருக்கிறார். வங்கியில் நாணய மூட்டை கேட்டால் நாளை வா என்கிறார்கள். சில்லறை கொண்டுவந்து தருகிறவர் நூற்றுக்கு இத்தனை என்று கமிஷன் பிடித்துக்கொண்டுதான் தருகிறார். இவை யாவும் வாஸ்தவமே. மீதி கொடுக்க வழியில்லையென்றால் வியாபாரமே வேண்டாம் என்று மறுக்கவும் கடைக்காரருக்கு உரிமை இருக்கலாம். ஆனால் நோட்டை வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொண்ட கணமே மீதி பிறருடைய பணமாகிறது. பிறர் பணத்தைத் தம்மிடம் நிறுத்திக்கொள்ளவும், மொத்த விலைக்கு வாங்கிய மிட்டாயை அவரைக் கேளாமலே அவருக்கு விற்று அதிலும் ஒரு லாபம் காணவும் எந்த உரிமையும் இல்லை. பொட்டலத்தில் நாற்பத்தெட்டு என்று அச்சிட்டிருக்க ஐம்பது வாங்குவதோ, 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளின்படி நேரடியான குற்றம்.

கணக்கில் இத்தனை கண்டிப்பு வேண்டுமா என்று நம் ஊரில் யாரும் கேட்கக் கூடாது. வணிகர் குலத்தில் பிறந்த புனிதவதியாரை அம்மையாராக வணங்கி, ஆனிமாதந்தோறும் மாங்கனி இறைத்துத் திருவிழா நடத்தும் ஊர் இது. வீட்டுக்கு அனுப்பிய கனிகள் இரண்டு, இலைக்கு வந்தது ஒன்று, மற்றொன்று எங்கே என்று கேட்ட வணிகன், அம்மையாரின் கணவன் பரமதத்தனின் கதையையே சேக்கிழார் நமக்குச் சொல்லியிருக்கிறார். பரமதத்தன் கேட்ட கேள்வியைக் கல்லாவுக்கு முன் நிற்கிறவரும் கேட்கலாம்.

இனி, நாணயம் உண்மையாகவே இல்லையா என்று பார்ப்போம். பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்ற ஆதாரமற்ற வதந்தி தமிழ்நாடெங்கும் பரவியபோது, பதினான்கு வடிவங்களில் வெளியான அந்நாணயங்கள் யாவும் செல்லுபடியாகும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது. அதன் பிறகும் அதை வாங்க மறுக்கும் கைகள் கடைகளிலும் உண்டு, வாங்குகிறவர்களிடையேயும் உண்டு. ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட நாணயங்களும் ஆயிரம் ரூபாய் வரை சட்டப்படி செல்லும் என்று 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டம் சொல்லியிருக்க, இருக்கும் நாணயத்தையே புறக்கணித்துவிட்டுப் பஞ்சம் என்று புலம்புவது விந்தைதான். மற்றொன்று: சனிக்கிழமைதோறும் திருநள்ளாற்றுக்கு வரும் யாத்ரிகர் கூட்டம் உண்டியலில் இடும் நாணயம் நம் எல்லைக்குள்ளேயே குவிகிறது. கோயில் நிர்வாகமும் வங்கிகளும் கலந்து பேசி, உண்டியல் எண்ணிக்கை முடிந்ததும் அந்த நாணயங்களை உள்ளூர்க் கடைகளுக்கும் பஸ் பணிமனைகளுக்கும் முழு மதிப்புக்கே மாற்றித் தர ஏற்பாடு செய்தால், கமிஷன்காரருக்கு இங்கே வேலை இராது. நாணயம் விநியோகிக்கும் வங்கிக்கு மூட்டைக்கு 65 ரூபாய் ஊக்கத்தொகையை ரிசர்வ் வங்கி வைத்திருக்கிறது; ஆகவே அது தர்ம கைங்கரியமும் அன்று.

மாவட்ட ஆட்சியர் செய்ய வேண்டியது சொற்பமே. சில்லறை இல்லையெனில் தொகையைக் கீழ்நோக்கியே முழுமையாக்க வேண்டும் என்று வணிகர் சங்கங்களை அழைத்து ஓர் ஒப்பந்தம் காணட்டும். அதை ஒவ்வொரு கல்லாவுக்கு மேலும் தமிழில் எழுதி ஒட்டச் செய்யட்டும். அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குகிற கடைகளை எடையளவுத் துறை சோதிக்கட்டும். நாணயம் வைத்திருக்கிற கடைக்கு இதனால் ஒரு காசும் நஷ்டமில்லை. வைத்திராத கடை சீக்கிரமே தேடி வைத்துக்கொள்ளும். வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: பத்து ரூபாய் நாணயத்தைத் தயங்காமல் வாங்குங்கள், மிட்டாயை மேஜையிலேயே வைத்துவிட்டு, மீதியை வாய்விட்டுக் கேளுங்கள்.