இரண்டு கொப்பி

பாலாவிச் சந்தியில் கற்பிட்டி வீதிக்கு வேன் திரும்பியதும் யாராவது ஒரு மாமி செபமாலையைத் தொடங்கிவிடுவார். உப்பளங்கள் கழிந்து, நுரைச்சோலை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும்போது மூன்றாவது தேவ இரகசியம் நடந்துகொண்டிருக்கும். ஐந்தாவது முடிவதற்குள் தலவில வந்துவிடும். ஓகஸ்ட் திருநாளுக்கு எங்கள் ஒழுங்கையிலிருந்து வருடாவருடம் ஒரு வேன் போகிறது. நான் அம்மாவின் நேர்த்தியில் போகிறவன். ஐந்து வயதில் எனக்குத் தொய்வு மாற வேண்டுமென்று அவர் வைத்த நேர்த்தி அது. தொய்வு மாறவில்லை. பம்ப் இப்போதும் சட்டைப் பையில்தான் கிடக்கிறது. அம்மா போன பிறகும் நேர்த்தியை நான் விடவில்லை.

தலவில புனித அன்னம்மாள் ஆலயத்துக்கு வழிவழியாக ஒரு கதை உண்டு. வறுமைப்பட்ட போர்த்துக்கேயர் ஒருவர் பிழைப்புத் தேடிக் கொழும்புக்குப் போனார். அங்கே ஒன்றும் சரிவராமல் கரையோரமாக நடந்தே திரும்பிய வழியில், இங்கே ஒரு மரத்தடியில் களைத்துப் படுத்தபோது அன்னம்மாளைக் கனவில் கண்டாராம். கப்பல்காரரின் நேர்த்தி என்று வேறு கதையும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது முதலாவதுதான். நோய் தீர்க்கும் தலம் என்று நாம் ஓடுகிற இடம் வேலை கிடைக்காத ஒரு மனிதனின் களைப்பில் தொடங்கியிருக்கிறது.

இந்த முறை வேனில் எனக்குப் பக்கத்தில் இருந்தவள் அடுத்த வீட்டுத் தங்கச்சி. ஆடைத் தொழிற்சாலையில் 11 வருடம். முடக்குவாதம் வந்து நான்கு வருடம். கூனிய கிழவியை நினைக்க வேண்டாம், வயது 36. நம்மைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்புச் சக்தி நம் மூட்டையே எதிரி என்று எண்ணித் தாக்குகிற வருத்தம் இது. இரண்டு கையிலும் ஒரே விரல்களில் ஒரே மாதிரி வீக்கம். விடிகாலை நான்கு மணிக்கு எழும்பி சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் கையை வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் இருக்கிறாள். அதற்குப் பிறகுதான் விரல் மடங்கும், மகளின் பள்ளிக்கூடச் சட்டைக்குப் பொத்தான் பூட்ட முடியும். வாரத்தில் ஒரே ஒரு நாள் போடுகிற மெதொட்ரெக்சேட் குளிசையைச் சனி இரவுக்கு வைத்திருக்கிறாள். ஞாயிறு முழுக்கக் குமட்டினாலும் திங்கள் லைனில் நிற்கலாம் என்பது கணக்கு. வைத்தியர் சொன்ன கணக்கில்லை, வேலை சொல்லிக்கொடுத்தது.

விண்ணப்பம் எழுதிப் போடுகிற இடத்தில் அவள் பேனையை என்னிடம் நீட்டினாள். விரல் அன்று இறுகியிருந்தது. “அண்ணா, நான் சொல்ல நீங்க எழுதுங்க” என்றாள். பூரண சுகம் வேண்டுமென்று சொல்லப்போகிறாள் என்று எழுதத் தயாரானேன்.

“கிளினிக் நாளுக்குக் காசு வெட்டாம இருக்கோணும். சுப்பவைசருக்கு மனசு இரங்கோணும். கத்திரிக்கோல் வேலையை மாத்தித் தரோணும்.”

சுகம்?

“அதையும் கடைசியில போடுங்க.”

அந்த ஒழுங்கு என்னை உலுக்கியது. அரச ஆஸ்பத்திரியில் கிளினிக் இலவசம், மருந்தும் பெரும்பாலும் இலவசம். ஆனால் மாதத்துக்கு ஒரு நாள் அந்த வாங்கில் காத்திருந்தால், ஒருநாள் சம்பளத்தோடு அந்த மாதத்து வரவுக் கொடுப்பனவும் போய்விடுகிறது. ஒரு நாள்கூட லீவு எடுக்காதவருக்குத்தான் அந்தக் கொடுப்பனவு. இலவச வைத்தியத்துக்கு அவள் கட்டுகிற விலை அது. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் சுகவீனம், சொந்த அலுவல் எல்லாவற்றுக்குமாக வருடத்துக்கு 7 நாள் தற்செயல் விடுமுறை தருகிறது. கிளினிக்கோ வருடத்துக்கு 12. அந்த ஏழும்கூடக் கந்தோரில் இருக்கிறவருக்குத்தான். மெசினுக்கு முன்னால் நிற்கிறவள் சம்பளச் சபையின் கீழ் வருகிறவள். உப்பளத்தில் நாட்கூலிக்கு நிற்கிறவருக்கு வராத நாள் சம்பளமில்லாத நாள், அவ்வளவுதான்.

யோவான் நற்செய்தியில் பெத்சதாக் குளத்தடியில் 38 வருடமாகக் கிடந்த ஒருவன் வருகிறான். சுகமாக விருப்பமா என்று இயேசு கேட்கிறார். ஆம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவன் அதைச் சொல்வதில்லை. தண்ணீர் கலங்கும்போது தன்னை இறக்கிவிட ஆளில்லை, தனக்கு முன்னால் வேறொருவன் இறங்கிவிடுகிறான் என்று முறையிடுகிறான். அவனுக்கு விசுவாசம் குறைவென்று இந்த இடத்தை வைத்துப் பிரசங்கம் செய்தவர்களைக் கேட்டிருக்கிறேன். 38 வருடம் நோயோடு கிடந்தவனுக்கு எது முதலில் வாயில் வரும் என்று தெரியாதவர்கள் அவர்கள். அன்றைக்கு நான் பிடித்திருந்த தாளிலும் அதே ஒழுங்குதான் இருந்தது.

கூடாரம் போட்டுக் கைவைத்துச் செபிக்கிற கூட்டங்களுக்கும் அவள் போய்ப் பார்த்தாள். ஒன்றில் குளிசையை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினாள், மூன்றாம் வாரம் முழங்கால் பந்துபோல வீங்கியது. திரும்பப் போய்க் காட்டியபோது, விசுவாசம் போதாது என்றார்கள். நோவைக் கொடுத்ததுமல்லாமல் குற்றத்தையும் அவள் தலையில் வைத்தார்கள். பவுல் அப்போஸ்தலர் தம் உடலில் தைத்த முள்ளை எடுத்துவிடும்படி மூன்று முறை மன்றாடினார், எடுபடவில்லை. அவருக்கும் விசுவாசம் போதாதென்று சொல்வார்களோ தெரியாது.

எங்கள் பக்கமும் சுத்தமில்லை. நோயாளிக்கு எண்ணெய் பூசும் அருட்சாதனத்தை எங்கள் சனம் இன்னும் ‘அவஸ்தை பூசுதல்’ என்றே சொல்கிறது. 1972இல் பாப்பரசர் ஆறாம் பவுல் சடங்கைத் திருத்தி, பாரமான நோய் உள்ள எவரும், சாகக்கிடக்க வேண்டியதில்லை, திரும்பவும் திரும்பவும் பெறலாம் என்று வைத்தார். அரை நூற்றாண்டு கழிந்தும் சுவாமி எண்ணெய்ச் சிமிழோடு படலை திறந்தால் ஒழுங்கையே அழத் தொடங்குகிறது. அவளுக்குப் பூசலாமே என்று கேட்டேன். “ஐயோ அண்ணா, ஃபெக்டரியில கேள்விப்பட்டா நான் முடிஞ்சேன் எண்டு வேற ஆளைப் போட்டுடுவாங்க.” சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பருக்கு நடுக்குவாதம் வந்த பிறகுதான், 1992இல், பெப்ரவரி 11ஐ உலக நோயாளர் தினமாக அறிவித்தார். நோயோடேயே 2005 வரை வேலை செய்தார். பெரிய சாட்சியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவருடைய நாற்காலியைத் தள்ள ஆள் இருந்தது.

ஆள் என்றதும் யோசே வாஸ் முனிவர் நினைவுக்கு வருகிறார். ஒல்லாந்தர் காலத்தில், 1687இல், மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்திறங்கியவர் வயிற்றுக்கடுப்பில் விழுந்து சாகும் தறுவாய்க்குப் போனார். பெண்ணொருத்தி கொண்டுவந்து கொடுத்த சாப்பாடுதான் அவரை எழுப்பியதாக வரலாறு. அவர் 1690இல் எங்கள் புத்தளத்துக்கு வந்தார், பிறகு கண்டியில் அம்மை நோயாளர்களைத் தூக்கித் துடைத்தார், 2015இல் காலிமுகத்திடலில் புனிதரானார். சாப்பாடு கொடுத்த பெண்ணின் பெயர் யாருக்கும் தெரியாது.

அப்படி ஒரு கை எங்கள் வீட்டுக்கும் நீண்டதுண்டு. அப்பா கரைவலை இழுத்தவர். நாரி பிடித்து எழும்ப முடியாத கிழமைகளிலும் சம்மாட்டி அரைப்பங்கு அனுப்புவார். மீனை ஓலைப்பறியில் ஒரு பொடியன் கொண்டுவருவான். அந்தக் காலம் பொற்காலம் என்று எழுதிவிட ஆசைதான். அதே சம்மாட்டியின் கடன் கொப்பியில் அப்பாவின் பெயரும் இருந்தது, கடைசிவரை வெட்டப்படவில்லை. ஆனாலும் வருத்தக்காரனுக்கு ஒரு பங்கு உண்டு என்பது அந்த வலையின் கணக்கிலேயே இருந்தது. அதற்காக யாரும் நேர்த்தி வைக்க வேண்டியிருக்கவில்லை.

தலவிலவிலிருந்து வந்த மறுநாள் பின்னேரம், செருப்பில் மணலோடேயே படலையைத் திறந்து வந்தாள். அன்னம்மாளுக்கு எழுதியதையே கந்தோருக்கும் எழுதித் தரச் சொன்னாள். எழுதினேன். மாதத்துக்கு ஒரு கிளினிக் நாளுக்கு வரவுக் கொடுப்பனவு வெட்டப்படாதிருக்க வேண்டும், நூல் வெட்டும் வேலையிலிருந்து சரிபார்க்கும் வேலைக்கு மாற்ற வேண்டும், உட்கார ஒரு கதிரை வேண்டும். சுகத்தைப் பற்றிய வரியை மட்டும் விட்டுவிட்டேன். கிளினிக்கில் வைத்தியர் வாசித்துப் பார்த்து, அடியில் இரண்டு வரி எழுதி, சீலும் குத்திக் கொடுத்தார். தாளை எடுத்துக்கொண்டு சந்தியில் போட்டோக் கொப்பிக் கடைக்குப் போய் வந்தவள், இரண்டையும் மேசையில் விரித்து வைத்து, சீலின் மை காய்ந்ததா என்று வீங்கிய விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“ஒரிஜினல் எது, கொப்பி எது எண்டு குழம்பக் கூடாது அண்ணா. ஒரிஜினல் கந்தோருக்கு. மற்றதை அன்னம்மாட சொரூபத்துக்குக் கீழ வைப்பம், அவக்குச் சீல் தேவையில்லைதானே.”